வாட்ஸப்பில் சுற்றும் ஓநாய் வரிசைப் படம் உண்மையா? கூடவே இன்னும் சில ஓநாய்க் கேள்விகள்

அனிதா_கோவை

வணக்கம். பனியில் ஓநாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக நீள வரிசையில் போகிற படம் மறுபடியும் எங்கள் குடும்பக் குழுவில் வந்திருக்கிறது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். முதல் மூன்றும் வயதானவை, நோயாளிகள், அவைதான் வேகத்தை முடிவு செய்கின்றன, அடுத்த ஐந்து பலசாலிகள், கடைசியில் தனியாக வருவது தலைவன், அது பின்னாலிருந்து எல்லோரையும் காக்கிறது என்று கீழே எழுதியிருக்கிறார்கள். என் மாமனார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஒரு பள்ளி ஆண்டுவிழாவில் இதைப் பேசப் போகிறார், அதற்குள் தெரிந்தவர்களிடம் கேட்டுவிடலாம் என்று இங்கே போடுகிறேன்.

இதை வைத்து வீட்டில் கிளம்பிய மற்ற கேள்விகள்: தலைவன் ஓநாய் சண்டை போட்டுத்தான் தலைவனாகிறதா? நிலாவைப் பார்த்து ஊளையிடுமா? உத்தரப் பிரதேசத்தில் குழந்தைகளைத் தூக்கிப் போனதாக வந்த செய்தி நிஜமா? நம் பக்கம் ஓநாய் இருக்கிறதா, இல்லை நாம் நரியைத்தான் ஓநாய் என்கிறோமா?

சோலாப்பூர்_செந்தில்

அனிதா, மாமனாரிடம் அந்தப் பேச்சை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். படம் உண்மை, கீழே எழுதியிருக்கும் கதை பொய். கனடாவின் வுட் பஃபலோ தேசியப் பூங்காவில் பிபிசி ஆவணப்படக் குழு எடுத்த படம் அது. அதில் இருப்பவை பைசன் என்கிற காட்டெருமைகளை வேட்டையாடப் போகும் 25 ஓநாய்கள். வரிசையாகப் போகக் காரணம் ஆழமான பனி. முன்னால் போகிற ஓநாய் பனியை உடைத்துத் தடம் போட, மற்றவை அதே தடத்தில் காலை வைத்தால் சக்தி மிச்சமாகும். பனி உடைப்பதுதான் இருப்பதிலேயே கடினமான வேலை, அங்கே போய் நோயாளியையும் கிழவரையும் நிறுத்தினால் கூட்டம் எப்படி நகரும்? அந்த வரிசையை முன்னால் நடத்திப் போனது ஒரு பெண் ஓநாய் என்றுதான் படத்தோடு வந்த குறிப்பு சொன்னது.

இப்போது தலைவன் விஷயம். சண்டையில் ஜெயித்த ஓநாய்தான் தலைவன் என்கிற இந்த 'ஆல்ஃபா' கதை 1947-ல் ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் வெளியிட்ட ஆய்விலிருந்து கிளம்பியது. சுவிட்சர்லாந்தின் பாசல் மிருகக்காட்சி சாலையில் அடைத்து வைத்திருந்த ஓநாய்களை அவர் கவனித்தார். ஒன்றுக்கொன்று சொந்தமில்லாத விலங்குகளை ஒரே அடைப்பில் தள்ளினால் அடித்துக்கொள்ளத்தான் செய்யும். அதை ஓநாயின் இயல்பு என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக் 1970-ல் எழுதிய நூல் அந்தக் கருத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அப்புறம் அவரே 1986 முதல் கோடைதோறும் கனடாவின் வடகோடி எல்ஸ்மியர் தீவில் சுதந்திரமாகத் திரிகிற ஓநாய்களைப் பக்கத்திலிருந்து பார்த்தார், 1999-ல் இது பொருந்தாது என்று ஆய்வுக் கட்டுரை எழுதினார், பழைய நூலை அச்சிடாதீர்கள் என்று பதிப்பாளரிடம் பல வருடம் கேட்டுக்கொண்டே இருந்தார். 2022-ல்தான் அது நின்றது. தன் பெயரைப் பெரிதாக்கிய நூலைத் தானே நிறுத்தச் சொன்ன ஒரு மனிதர், ஆண்டுவிழாவில் பேசுவதற்கு இதைவிட நல்ல விஷயம் கிடைக்குமா?

காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, இந்த வருடக் குட்டிகள், போன வருடம் பிறந்து இன்னும் வீட்டை விட்டுப் போகாத அண்ணன் அக்காக்கள். அப்பா அம்மா சொல்வதை மற்றவை கேட்கின்றன, அவ்வளவுதான். ஒன்று முதல் மூன்று வயதுக்குள் பிள்ளைகள் கிளம்பிப் போய் ஜோடி தேடித் தனிக் குடும்பம் தொடங்கும். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா மாதிரி இரை ஏராளமாகக் கிடைக்கிற இடத்தில் கூட்டம் பெரிதாகி ஒன்றுக்கு மேற்பட்ட பெண்கள் குட்டி போடுவதும் உண்டு, அங்கே உரசல் அதிகம். ஆனால் இங்கே மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் பக்கம் நான் பார்ப்பதெல்லாம் சின்னக் குடும்பங்கள்தான்.

மீதிக் கேள்விகளுக்கு இரவு வருகிறேன்.

தேன்கனிக்கோட்டை முருகேசன்

நல்ல தகவல் சார். ஆனால் குடும்பம், அப்பா, அம்மா என்று உருகுகிறவர்கள் யாரும் ஆடு வளர்த்தவர்கள் கிடையாது. எங்கள் தாத்தா காலத்தில் பட்டிக்குள் ஓநாய் இறங்கினால் ஒரே ராத்திரியில் ஏழெட்டு ஆட்டைக் கடித்துப் போட்டுவிட்டு ஒன்றைத்தான் இழுத்துக்கொண்டு போகும் என்பார்கள். தின்கிறதற்காகக் கொன்றால் ஒன்றோடு நிற்க வேண்டாமா? ஒரு குடும்பத்தின் வருட வருமானம் ஒரு ராத்திரியில் போகிறது. அந்த ஆட்டுக்காரனுக்கும் குட்டிகள் இருக்கின்றன.

சோலாப்பூர்_செந்தில்

முருகேசன் அண்ணே, நீங்கள் சொல்வது நடக்கிறதுதான், நான் மறுக்கவில்லை. திறந்த வெளியில் வெளிமான் கூட்டத்தைத் துரத்தினால் ஒன்று சிக்குவதற்குள் மற்றவை ஓடிவிடும். பட்டியில் அடைத்த ஆடு ஓட முடியாது, கண்முன்னாலேயே முட்டி மோதிக்கொண்டு நிற்கும், துரத்திப் பிடிக்கிற உந்துதல் அடங்கவே அடங்காது. ஆள் சத்தம் கேட்டதும் கிடைத்ததை இழுத்துக்கொண்டு ஓடிவிடும். வடக்கே அமெரிக்காவின் ஐல் ராயல் தீவில் மெக் பார்த்த கணக்கில், ஓநாய்கள் எதிர்கொண்ட மூஸ் மான்களில் பத்துக்கு ஒன்றுகூட அவற்றுக்குச் சிக்கவில்லை. வேட்டையில் தோற்பதுதான் அதன் அன்றாடம், அதனால் எளிதாகக் கிடைப்பதை அது விடாது.

நம் நாட்டு ஓநாய் புலி மாதிரி காட்டுக்குள் ஒளிந்து வாழ்கிற பிராணி இல்லை. மகாராஷ்டிரம், கர்நாடகம், குஜராத், ராஜஸ்தான் பக்கத்து வறண்ட புல்வெளிகளிலும் முள்காடுகளிலும் மானாவாரி வயல்களிலும்தான் அதன் வாழ்க்கை. எடை 17 முதல் 25 கிலோதான் இருக்கும், பல ஓநாய்கள் நல்ல ராஜபாளையம் நாய் அளவுகூடத் தேறாது. குஜராத்தின் வெளாவதர் மாதிரி வெளிமான் நிறைய இருக்கிற இடங்கள் சிலதான். மற்ற ஊர்களில் முயல், எலி, செத்த மாடு, கூடவே செம்மறியும் வெள்ளாடும் தின்றுதான் பிழைக்கிறது. அதாவது இந்தியாவின் ஓநாய் மேய்ப்பர்களின் ஆட்டை நம்பித்தான் உயிரோடு இருக்கிறது. இதைச் சொல்லாமல் ஓநாய்ப் பாதுகாப்பு பற்றிப் பேசுகிறவர்கள் பாதியைத்தான் பேசுகிறார்கள்.

இங்கே தங்கர் சமூகத்து மேய்ப்பர்கள் மழைக்காலம் முடிந்ததும் மந்தையோடு மாதக்கணக்கில் நடக்கிறார்கள். அவர்களில் வயதானவர்கள் சிலர் ஓநாய் எடுத்துப்போகிற ஆட்டை அதன் பங்கு என்பார்கள். கோபமே இல்லை என்று அர்த்தமில்லை. குகையில் புகை போட்டுக் குட்டிகளைக் கொன்ற சம்பவங்களும் இதே நிலத்தில்தான் நடக்கின்றன. இரண்டும் சேர்ந்துதான் அந்த உறவு.

தேன்கனிக்கோட்டை முருகேசன்

பங்கு என்று சொல்வது அவர்கள் பெருந்தன்மை. அரசாங்கம் என்ன தருகிறது? எங்கள் உறவுக்காரர் ஒருவர் கர்நாடக எல்லைப் பக்கம் மேய்ச்சலுக்குப் போய் மூன்று ஆடு இழந்தார். உடல் இருக்க வேண்டும், போட்டோ வேண்டும், கால்நடை மருத்துவர் சான்று வேண்டும், நிலம் யாருடையது என்று ஒரு கடிதம் வேண்டும் என்று அலைக்கழித்தார்கள். மந்தையை நடுவழியில் விட்டுவிட்டு எத்தனை நாள் ஆபீஸ் வாசலில் நிற்பது? விட்டுவிட்டார்.

சோலாப்பூர்_செந்தில்

அதேதான் அண்ணே இங்கேயும் பிரச்சினை. இழப்பீட்டு விதிகள் ஒரே ஊரில் இருக்கிற விவசாயியை மனதில் வைத்து எழுதியவை. நடந்துகொண்டே இருக்கிற மேய்ப்பனுக்கு இன்று ஒரு தாலுகா, நாளை வேறொரு தாலுகா. ஓநாய் ஆட்டை முழுசாக இழுத்துக்கொண்டு போய்விட்டால் காட்டுவதற்கு உடலே இருக்காது. மேய்ப்பன் இருக்கிற இடத்துக்கே வனக்காவலர் வந்து, அங்கேயே பதிந்து, சில நாளில் வங்கிக் கணக்கில் பணம் போட்டால்தான் அது இழப்பீடு. பணம் வராத ஊரில் விஷம் வைத்த இறைச்சிதான் வரும், அதில் ஓநாயோடு நாயும் கழுகும் சாகும்.

ஒஸ்லோ_ரூபன்

இடையில் வாறதுக்கு மன்னிக்கவும். யாழ்ப்பாணத்தில் பிறந்த நான் ஓநாயைக் கதையில் மட்டும்தான் கேட்டு வளர்ந்தனான், இலங்கையில் ஓநாய் இல்லை, எங்களிட்ட இருக்கிறது நரிதான். நோர்வேக்கு வந்த பிறகுதான் ஒரு மிருகத்துக்காக சனம் தேர்தலிலேயே இப்படிப் பிரிந்து நிற்கும் என்று கண்டேன்.

இங்கே ஓநாய்கள் நூறுகூட இல்லை. சுவீடன் எல்லையோரம் நாட்டின் நிலப்பரப்பில் 5 சதவீதம் அளவிலான ஒரு பகுதியை ஓநாய் வலயம் என்று ஒதுக்கி, வருடத்துக்கு 4 முதல் 6 ஈற்றுகள் (ஒரு தாய் ஒரு தடவையில் போடுகிற குட்டிகள் எல்லாம் ஒரு ஈற்று) போதும் என்று நாடாளுமன்றம் தீர்மானித்திருக்கிறது. வலயத்துக்கு வெளியே போகிற ஓநாய் பெரும்பாலும் சுடப்படும். பண்ணைக்காரர் சொல்கிற காரணம், கோடையில் இருபது லட்சம் அளவில் செம்மறிகள் மேய்ப்பர் இல்லாமல் மலையில் தன்பாட்டில் மேய்கின்றன என்பது. செந்தில் சொல்கிற தங்கர்கள் இரவும் மந்தையோடே படுக்கிறார்கள். அங்கே இந்தியா முழுக்க மூவாயிரம் அளவில் ஓநாயோடு வாழ்கிறார்கள், இங்கே நூறு வந்தால் தாங்காது என்கிறார்கள். பணக்கார நாடு எது, பொறுமையான நாடு எது என்று எனக்கு விளங்கவில்லை.

ஜெர்மனியில் வேறு கதை. 2000-ஆம் ஆண்டு சாக்சனியின் லாவ்சிட்ஸ் பகுதியில் நூறு வருடத்துக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு காட்டில் குட்டிகள் பிறந்தன. 2023-24 கணக்கில் 209 கூட்டங்கள். யாரும் கொண்டுவந்து விடவில்லை, போலந்திலிருந்து தானே நடந்து வந்தவை. ஆனால் 2024 டிசம்பரில், ஐரோப்பாவின் காட்டுயிர்களைக் காக்கிற பெர்ன் உடன்படிக்கையின் நாடுகள் ஓநாயின் பாதுகாப்பு நிலையை ஒரு படி இறக்கிவிட்டன. எனக்கு அதில் மனவருத்தம்தான்.

அனிதா_கோவை

ரூபன் அண்ணா, செந்தில், நன்றி. என் மகளை அதிகம் பயமுறுத்தியது நான் முதலில் கேட்ட அந்த உத்தரப் பிரதேச பஹ்ராயிச் செய்தி. அங்கே நடந்தது ஓநாயா, இல்லை வேறு எதையோ ஓநாய் என்கிறார்களா?

சோலாப்பூர்_செந்தில்

நடந்தது உண்மை. 2024-ல் உத்தரப் பிரதேசத்தின் பஹ்ராயிச் மாவட்டம், மஹ்சி பகுதியில் சில மாதங்களில் பல பேர் இறந்தார்கள், பெரும்பாலும் சின்னக் குழந்தைகள். வனத்துறை ஐந்து ஓநாய்களைப் பிடித்தது, ஆறாவதை அக்டோபரில் ஊர்மக்களே கொன்றார்கள். 1996-லும் அதே மாநிலத்தில் பிரதாப்கர், சுல்தான்பூர், ஜான்பூர் பக்கம் இதைவிட மோசமாக நடந்தது. ஓநாய் பிரியர்கள் சிலர் இதெல்லாம் கட்டுக்கதை என்கிறார்கள், அது செத்துப்போன பிள்ளைகளுக்குச் செய்கிற அநியாயம்.

ஆனால் எங்கே நடக்கிறது என்று பாருங்கள். கதவில்லாத குடிசை, கோடைப் புழுக்கத்துக்கு வெளியே படுத்திருக்கும் குழந்தை, கழிப்பறை இல்லாத வீடு, சுற்றிலும் ஒளிந்துகொள்ள ஆளுயரக் கரும்பு. அந்த ஊர்களில் ஆட்டைக் கட்டிப் பூட்டி வைக்கிறார்கள், பிள்ளை வெளியே தூங்குகிறது. பஹ்ராயிச்சில் அதிகாரிகள் பிற்பாடு செய்த வேலைகளில் வீடுகளுக்குக் கதவு போட்டதும் தெருவிளக்கு போட்டதும் இருந்தன. அது முதலிலேயே நடந்திருக்க வேண்டும்.

நார்வே ஆய்வு நிறுவனம் ஒன்று 2002 முதல் 2020 வரை உலகம் முழுக்க ஓநாய் தாக்கிய 489 பேரைத் தொகுத்தது. அவர்களில் 26 பேர் இறந்தார்கள். 380 பேரைக் கடித்தவை வெறிநோய் கண்ட ஓநாய்கள். ஐரோப்பா, வட அமெரிக்கா இரண்டும் சேர்ந்து 14 பேர்தான், இறந்தது இரண்டு. வெறிநோய் இல்லாத ஓநாய் மனிதனைக் கண்டால் பெரும்பாலும் விலகிப் போகும், மகளுக்கு அதைச் சொல்லுங்கள்.

டாக்டர்_வளர்மதி (கால்நடை)

வெறிநோய் பற்றி ஒரு வரி. ஓநாயோ நரியோ தெருநாயோ, எது கடித்தாலும் உடனே சோப்பும் ஓடும் தண்ணீரும் வைத்து 15 நிமிடம் கழுவ வேண்டும், மஞ்சளோ சுண்ணாம்போ வைக்கக் கூடாது, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசி தொடங்க வேண்டும். காயம் ஆழமாக இருந்தால் இம்யூனோகுளோபுலின் என்கிற நோயெதிர்ப்புப் புரத ஊசியும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். நோய் வெளிப்பட்ட பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாது.

ஓநாய்க்கு வெறிநோயும் டிஸ்டெம்பர் என்கிற வைரஸ் நோயும் வருவது பெரும்பாலும் நம் நாய்களிடமிருந்துதான். ஊர் நாய்களுக்குத் தடுப்பூசி போடுவது ஓநாய்க்குச் செய்கிற மிகப் பெரிய உதவி, செலவும் குறைவு. அதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை.

கார்த்தி_நாய்ப்பிரியன்

ஒரு நண்பர் ஓநாய்க் கலப்பு நாய்க்குட்டி வாங்கித் தருவதாகச் சொல்கிறார். வளர்க்கலாமா? குட்டியிலிருந்தே வளர்த்தால் நாய் மாதிரிப் பழகாதா?

டாக்டர்_வளர்மதி (கால்நடை)

வேண்டாம் தம்பி. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ஓநாய் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலிக்கு இருக்கிற அதே அட்டவணை. குட்டியைக் காட்டிலிருந்து எடுத்திருந்தால் உங்கள் நண்பரோடு நீங்களும் சிறைக்குப் போக வேண்டிவரும். அது சட்டம். விலங்கின் பக்கம் பார்த்தால், பத்து நாள் வயதிலிருந்து புட்டிப்பால் கொடுத்து வளர்த்தாலும் ஒன்றரை, இரண்டு வயதில் அது தன் போக்குக்குத் திரும்பும், வீட்டுக் கோழியையும் பக்கத்து வீட்டு நாயையும் விடாது. நாய் பல்லாயிரம் வருடம் நம்மோடு இருந்து மாறியது. ஒரு தலைமுறையில் நீங்கள் அதைச் செய்ய முடியாது.

சோலாப்பூர்_செந்தில்

டாக்டர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். புணே பக்கம் மஞ்சள் படிந்த நிறத்தில் வித்தியாசமான ஓநாய்களைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, முடியை எடுத்து மரபணுச் சோதனை செய்து, அவை நாய்க் கலப்புதான் என்று 2023-ல் உறுதி செய்தார்கள். இது எனக்கு மிகக் கவலையான செய்தி. நம் ஓநாய் உலகத்தின் மிகப் பழமையான ஓநாய்க் கிளைகளில் ஒன்று என்று லாரன் ஹென்னெலி குழு 2021-ல் முழு மரபணுவை வைத்துக் காட்டியது. நாடு முழுக்க மூவாயிரம் அளவில்தான் மிச்சம், அதாவது நம்மிடம் இருக்கிற புலிகளைவிடக் குறைவு. ஊருக்கு ஊர் தெருநாய் பெருகி, ஜோடி கிடைக்காத ஓநாய் நாயோடு சேர ஆரம்பித்தால் சுடாமலேயே அது கரைந்துபோகும்.

இரவு சொல்கிறேன் என்ற சின்னக் கேள்விகள்: ஊளைக்கும் நிலாவுக்கும் சம்பந்தமில்லை. பிரிந்து போன குடும்பத்தாரைக் கூப்பிட, பக்கத்துக் கூட்டத்துக்கு இங்கே நாங்கள் இருக்கிறோம் என்று சொல்லத்தான் ஊளை. பத்து கிலோமீட்டர் தூரம்வரை கேட்கும். ஆளுக்கொரு சுருதியில் மாற்றி மாற்றி ஊளையிடுவதால் மூன்று இருந்தாலும் பத்து மாதிரிக் கேட்கும். நம் ஓநாய் வடநாட்டுச் சொந்தங்களைவிடக் குறைவாகவே ஊளையிடும்.

கர்ப்பம் 63 நாள் அளவு, ஒரு ஈற்றில் நாலு முதல் ஆறு குட்டி. நம் பக்கம் பனிக்காலத்தில், டிசம்பர் ஜனவரி வாக்கில் பிறக்கும். கண் திறக்க இரண்டு வாரம் ஆகும். அப்பாவும் மூத்த பிள்ளைகளும் இரையைத் தின்று வந்து, குட்டிகள் வாயை நக்கியதும் கக்கி ஊட்டும். காட்டில் ஆறேழு வருடம் தாண்டினாலே நல்ல ஆயுள்.

நம் பக்கம் என்று கேட்டால், தமிழ்நாட்டில் மிக மிக அரிது, கர்நாடக எல்லையை ஒட்டிய வறண்ட பகுதிகளில் எப்போதாவது பார்த்ததாகப் பதிவு உண்டு. முதுமலையிலோ ஆனைமலையிலோ சிவப்பாகக் கூட்டமாகப் போவது செந்நாய், அது வேறு இனம், ஊளையிடாது, விசில் மாதிரிக் குரல் கொடுக்கும். வயல்வெளியில் இரவில் ஊளையிடுவது நரி. இரண்டையும்தான் பலர் ஓநாய் என்று படம் போடுகிறார்கள்.

அனிதா_கோவை

யெல்லோஸ்டோனில் ஓநாய் வந்ததும் ஆறே திசை மாறியது என்று இன்னொரு வீடியோ மாமனாரிடம் இருக்கிறது. அதையாவது பேசலாமா?

சோலாப்பூர்_செந்தில்

அதிலும் பாதிதான் சரி. அங்கே 1926-க்குள் ஓநாயை முழுசாக அழித்தார்கள், 1995, 1996 இரண்டு குளிர்காலத்தில் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். எல்க் மான்கள் குறைந்தன, சில இடங்களில் வில்லோ செடி மறுபடி வளர்ந்தது. ஆனால் மான் குறைந்ததில் கரடிக்கும் பூமாவுக்கும் மனித வேட்டைக்கும் பங்கு உண்டு. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் இருபது வருடம் சோதனை செய்து, நீர்மட்டம் இறங்கிப்போன ஓடைக்கரைகளில் ஓநாய் வந்ததால் மட்டும் பழைய நிலை திரும்பவில்லை என்று எழுதினார்கள். ஒரு பிராணியை ஒழித்துவிட்டு எழுபது வருடம் கழித்துத் திருப்பி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பது தப்பு. அழியாமல் பார்த்துக்கொள்வதுதான் மலிவு.

நமக்கு இன்னும் அந்த வாய்ப்பு இருக்கிறது. ஆனால் ஓநாய் வாழ்கிற புல்வெளி அரசாங்கத்தின் வரைபடத்தில் தரிசு நிலம் என்றுதான் பதிவாகிறது. தரிசு என்று எழுதிவிட்டால் சோலார் பலகை போடலாம், தொழிற்பேட்டை போடலாம், மரம் நடலாம். இங்கே சோலாப்பூர் பக்கத்து நன்னஜில், கானமயில் என்கிற பெரிய புல்வெளிப் பறவைக்கான சரணாலயத்துப் புல்வெளியிலேயே கிளைரிசிடியா மரங்களை நட்டு வளர்த்தார்கள், நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான். புல்லை நம்பி இருக்கிற வெளிமானுக்கும் கானமயிலுக்கும் மேய்ப்பனுக்கும் அங்கே என்ன வேலை? கர்நாடகத்தில் கொப்பள் மாவட்டம் கங்காவதி பக்கம் பங்காபூரில் ஓநாய்க்கென்றே ஒரு சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள், முந்நூற்றுச் சொச்சம் ஹெக்டேர்தான். நல்ல தொடக்கம், ஆனால் ஓநாய்க் குடும்பம் ஒன்று நடமாட அது எந்த மூலைக்கு? மீதி நடமாட்டமெல்லாம் மேய்ப்பர் நிலத்தில்தான்.

தேன்கனிக்கோட்டை முருகேசன்

மேய்ச்சல் நிலம் போகிறது என்பதில் நானும் நீங்களும் ஒரே கட்சி. எங்கள் ஊர்ப் புறம்போக்கில் இப்போது கம்பிவேலி. ஓநாய் ஆட்டைத் தூக்குமோ என்று பயந்த காலம் போய், ஆட்டை எங்கே ஓட்டுவது என்று யோசிக்கிற காலம். இழப்பீட்டைச் சரி செய்யட்டும், மேய்ச்சல் நிலத்தை விடட்டும், அப்புறம் ஓநாயைப் பற்றி ஆட்டுக்காரனிடம் பேசுங்கள், கேட்பான்.

அனிதா_கோவை

மாமனாரிடம் மெக் கதையைச் சொன்னேன், பேச்சை அதை வைத்து எழுதுகிறார். மேய்ப்பர் இழப்பீட்டையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். மே விடுமுறையில் மகளோடு ஓநாய் பார்க்க எங்கே வரலாம் செந்தில்?

சோலாப்பூர்_செந்தில்

புணே மாவட்டம் இந்தாப்பூர் பக்கம் கட்பன்வாடியில் வனத்துறையே புல்வெளி சஃபாரி நடத்துகிறது, உள்ளூர் இளைஞர்கள்தான் வழிகாட்டிகள், கட்டணம் ஊருக்குப் போகும். விடியற்காலையில் போங்கள், மே வெயில் அங்கே கடுமையாக இருக்கும், முடிந்தால் நவம்பருக்குத் தள்ளிவையுங்கள். குட்டிக் காலத்தில் குகையைக் காட்டுகிறேன் என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள், ஆள் வாடை பட்டால் தாய் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு வேறிடம் மாற்றும், வழியில் நாய் பிடிக்கும். வழியில் மந்தை தென்பட்டால் வண்டியை நிறுத்தி மேய்ப்பரிடம் பேசுங்கள், ஓநாய் எங்கே என்று அவருக்குத்தான் முதலில் தெரியும்.